மரபணுவும் ஊழும்: மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு

மனச்சிதைவு நோய் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் வருகிறது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு வழக்கமான மருந்துகள் போதிய பலன் தருவதில்லை. இருவேறு மருந்துகளை உரிய அளவில், ஒவ்வொன்றையும் குறைந்தது ஆறு வாரம் கொடுத்தும் காதில் கேட்கும் குரல்களும் ஆதாரமற்ற சந்தேகங்களும் தணியாவிட்டால், நோய் மருந்துக்குக் கட்டுப்படவில்லை என்று மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். அந்தக் கட்டத்தில் வீட்டார் மனத்தில் எழுவது வேறொரு கேள்வி: இது யார் செய்த வினை? முன்பு ஊழைச் சொல்லி முடித்த பேச்சை இன்று ‘பரம்பரை’ என்று சொல்லி முடிக்கிறார்கள். மரபணுவும் விலக்க முடியாத விதிதானா என்பது ஆராய வேண்டிய கேள்வி.

நோயில் மரபின் பங்கு பெரியது. மக்களிடையே இந்நோய்க்கான வாய்ப்பில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு மரபே காரணம் என்று இரட்டையர் ஆய்வுகள் கணிக்கின்றன. இது மக்கள் தொகுதி பற்றிய கணக்கு. தனி ஒருவரின் வருங்காலத்தைச் சொல்லும் கணக்கு அன்று. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தாலும், பாதிக்கு மேற்பட்ட இணைகளில் மற்றவர் தப்பிவிடுகிறார். 2022-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு, நோயோடு தொடர்புள்ள 287 மரபணு இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது. சென்னையின் மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃப் பங்கேற்ற தென்னிந்திய ஆய்வு, நியாசின் வைட்டமினை உடல் கையாளும் வழியில் உள்ள ஒரு மரபணுவைச் சுட்டியது.

மருந்து பலிக்காமல் போவதற்கான காரணம் இன்னும் சிக்கலானது. பெரும்பாலான மருந்துகள் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கின்றன. மருந்துக்குக் கட்டுப்படாதவர்கள் பலரிடம் டோபமின் உற்பத்தி மிகையாக இல்லை என்று ஸ்கேன் ஆய்வுகள் காட்டுகின்றன. மிகையாக இல்லாததைத் தடுத்துப் பயனில்லை. இவர்களுக்கு உதவக்கூடிய மருந்து க்ளோசபின். 1988-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், பழைய மருந்துக்கு 4 விழுக்காட்டினரே தேறினர். க்ளோசபினுக்கு 30 விழுக்காட்டினர் தேறினர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய நோயாளிகளின் மரபணுத் தரவை 2022-ல் அலசியபோது, மருந்துக்குக் கட்டுப்படாமையில் பரவலான மரபணு வேறுபாடுகளின் பங்கு சில விழுக்காடு மட்டுமே என்று தெரிந்தது. க்ளோசபினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியின் வேகம் மரபணுவாலும் மாறும், பீடி சிகரெட்டாலும் மாறும். புகைப்பதைத் திடீரென நிறுத்தியவரின் ரத்தத்தில் மருந்தளவு ஏறிவிடும்.

ஒரே மரபணுத் தொகுதி ஒரே வாழ்க்கையைத் தராது என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1930-ல் பிறந்த நான்கு சகோதரிகள் சான்று. ஒரே கருவில் உருவான அந்த நால்வரையும் ஜெனைன் என்ற புனைபெயரில் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். நால்வருக்கும் மனச்சிதைவு வந்தது. ஆனால் ஒருவர் மணம் முடித்துப் பிள்ளைகளையும் பெற்று வாழ்ந்தார். இன்னொருவருக்குப் பள்ளிப் படிப்பையே முடிக்க முடியாத அளவுக்கு நோய் முற்றியிருந்தது.

ஊழைப் பற்றிய பழைய வாதத்தில், எல்லாம் நியதிப்படியே நடக்கும், மனித முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்றனர் ஆசீவகர் என்ற பண்டைச் சமயத்தினர். சமணரும் பௌத்தரும் அதை மறுத்தனர். நீலகேசி என்ற சமண நூலில் அந்த வாதம் விரிவாகவே இருக்கிறது. ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்த திருக்குறள், ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தது. மரபணுவை நியதியாகக் கொள்ள மேற்கண்ட சான்றுகள் இடம் தரவில்லை. அதை வினைப்பயனாகவும் கொள்ள முடியாது. வினைக் கொள்கையில் செய்தவரே பயனை அனுபவிக்கிறார். அது ஓர் அறக் கணக்கு. கரு உருவாகும்போது தாய் தந்தையின் மரபணுக்கள் கலந்து சேர்வதில் தகுதியும் பார்க்கப்படுவதில்லை, குற்றமும் பார்க்கப்படுவதில்லை. காரணமாக இருப்பது வேறு, பொறுப்பாளியாக இருப்பது வேறு.

இந்த வேறுபாட்டை மறந்ததால் நேர்ந்த கேடுகள் இரு திசையிலும் உண்டு. பிள்ளையின் மனச்சிதைவுக்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்ற கருத்து 1948 முதல் பரவி, எத்தனையோ தாய்மாரைக் குற்றவாளிகளாக நிறுத்தியது. அதற்கு முன்பே, மரபைத் தீர்ப்பாகக் கொண்ட நாஜி ஜெர்மனி 1933-ல் சட்டம் இயற்றி, மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கட்டாயக் கருத்தடை செய்தது. பின்னர் அவர்களைக் கொல்லவும் துணிந்தது.

மருந்துக்குக் கட்டுப்படாத நோய் நோயாளியின் பிடிவாதமும் அன்று, குடும்பத்தின் பாவமும் அன்று. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதையும், சிகிச்சை என்ற பெயரில் கருத்தடை செய்வதையும் இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் ஒரே பிரிவில் தடை செய்திருக்கிறது.