முதுமையும் மரணத்தைப் பற்றிய பேச்சும்

வயது முதிர்ந்த ஒருவர், தம் காலம் முடிந்துவிட்டதென்று சொன்னால் நாம் என்ன விடை தருகிறோம்? "அப்படியெல்லாம் பேசாதீர்கள்" என்கிறோம். அன்பினாலேயே சொல்கிறோம். ஆயினும் அச்சொல் தணிப்பது அவருடைய அச்சத்தையா, நம்முடைய அச்சத்தையா?

இக்கேள்வியினின்று விலகாத உளமருத்துவர் சிலர் உளர். அமெரிக்க மருத்துவர் இர்வின் யாலோம், 1980-இல் வெளியிட்ட நூலில், மனிதனை உள்ளூர வருத்துவன நான்கு என்றார்: மரணம், சுதந்திரம் சுமத்தும் பொறுப்பு, தனிமை, வாழ்வின் பொருளின்மை. இவை நோய்கள் அல்ல. பிறந்தார் யாவர்க்கும் உரியவை. இளமையில் தொழிலும் குடும்பமும் இவற்றைத் திரையிட்டு மறைக்கின்றன. பிணியும் மூப்பும் உற்றார் பிரிவும் அத்திரையை விலக்கிவிடுகின்றன.

முதியோர் பழங்கதை பேசுவது அறிவுத் தளர்ச்சி என்றே பலரும் கருதிவந்தனர். அது தம் வாழ்வைத் தாமே மீள நோக்கும் இயல்பான செயல் என்று 1963-இல் ராபர்ட் பட்லர் என்னும் மருத்துவர் எழுதினார். அந்நோக்கு சிலரை அமைதிக்குக் கொண்டுசெல்லும், சிலரைக் குற்றவுணர்விலும் சோர்விலும் ஆழ்த்தும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அங்ஙனமாயின், திருத்திக்கொள்ளக் காலமில்லாத ஒருவரிடம் இவற்றைப் பேசுவது கொடுமையன்றோ எனின், கிளறுவது வேறு. அவர் தாமே எடுத்துரைப்பதைச் செவிமடுப்பது வேறு. நிகழ்ந்ததை மாற்ற இயலாது. அதன்பால் நாம் கொள்ளும் நோக்கை மாற்றலாம். நாஜி வதைமுகாம்களினின்று மீண்ட வியன்னா மருத்துவர் விக்டர் பிராங்கலிடம், மனைவியை இழந்து ஈராண்டாகியும் துயர் ஆறாத முதிய மருத்துவர் ஒருவர் வந்தார். அவர் முந்தி இறந்து மனைவி எஞ்சியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று பிராங்கல் வினவினார். அவள் பெருந்துன்பம் அடைந்திருப்பாள் என்றார் வந்தவர். அத்துன்பத்தை அவளுக்கு இல்லாமற் செய்தவர் அவரே என்பதையும், அதற்குரிய விலை இப்போது தாம் தாங்கும் துயரம் என்பதையும் பிராங்கல் எடுத்துக்காட்டினார். முதியவர் அவர் கையைப் பற்றிக் குலுக்கிவிட்டு அமைதியாகச் சென்றார். இழப்பு குறையவில்லை, அதற்கு ஒரு பொருள் கிட்டியது.

ஆனால் இதனை எல்லார்க்கும் ஒரே மருந்தாகக் கொள்ளலாகாது. பசித்திருக்கும் முதியவருக்கு முதலில் வேண்டுவது உணவு. மருந்தால் தீரும் மனச்சோர்வை, மூப்பின் இயல்பென்று விட்டுவிடுதலும் பிழை. மேலும், இத்துயரினின்று மருத்துவரும் விலக்குப் பெற்றவரல்லர். 2019-இல் மனைவி மரிலினை இழந்த யாலோம், எண்பது கடந்த வயதில் தம் துயரை ஒளிக்காமல் எழுதி, இருவரும் சேர்ந்து தொடங்கிய நூலை 2021-இல் வெளியிட்டார்.

நம் இல்லத்துப் பெரியவர் மறுமுறை தம் முடிவைப் பற்றிப் பேசும்போது, வாயடைக்க விரையாமல் அருகே அமர்வோம். அவர் அஞ்சுவது எதனை என்று கேட்போம். மரணத்தை நம்மால் நீக்க முடியாது. அதன் எதிரே அவர் தனித்து நிற்கும் நிலையை நீக்குவது நம் கையில் உள்ளது.