குளிருக்குச் சாட்சி இல்லை

திருச்சியில் ஒருவர் "குளிருது" என்று சொன்னால் அது தகவலாகக் காதில் விழாது, ஜோக்காகத்தான் விழும். கோடையில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் ஊர். ஜனவரி விடியற்காலையில்கூட வெப்பநிலை 20-க்கு வெகுவாகக் கீழே இறங்குவது அபூர்வம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடப்பதால் ஸ்ரீரங்கத்தில் மார்கழிப் பனி கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். ஸ்வெட்டர் என்பது இங்கே கொடைக்கானல் போகிறவர்கள் பீரோவின் அடியிலிருந்து தேடி எடுக்கும் பொருள்.

இந்த ஊரில் எனக்கு ஒரு வருஷமாகக் குளிர்கிறது.

பதினான்கு மாதங்களில் 104 கிலோவிலிருந்து 71-க்கு வந்தேன். எப்படி என்பதில் சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லை. சோற்றைக் குறைத்தேன், உத்தர வீதியையும் சித்திரை வீதியையும் தினமும் சுற்றி நடந்தேன். சொல்ல வேண்டியது அதற்குப் பிறகு வந்தது. ஏப்ரல் மாதத்தில் கால்விரல்கள் சில்லிட்டுக் கிடக்கின்றன. கோயில் மண்டபத்துக் கல்லில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் ஜில்லிப்பு இடுப்பெலும்பு வரை ஏறுகிறது. முன்பு அங்கே மெத்தை மாதிரி ஏதோ இருந்தது, இப்போது எலும்பும் கல்லும் நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. காபி டம்ளரை விளிம்பில் பிடிப்பதை விட்டுவிட்டேன். உள்ளங்கை இரண்டையும் வைத்துப் பொத்திப் பிடிக்கிறேன். ரத்தசோகையும் தைராய்டும் சோதித்தாயிற்று. இப்படிக் குளிர்கிற யாரும் அந்த இரண்டையும் பார்க்காமல் விடக்கூடாது. எனக்கு இரண்டும் சரியாகவே இருக்கின்றன. தெர்மாமீட்டரும் ஒழுங்கான எண்ணையே காட்டுகிறது.

ஆக, உடம்பு சரி, ஊர் சூடு, எனக்குக் குளிர். இதில் எது பொய்?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், அது எளிது. சும்மா கிடக்கும்போது உடம்பு எவ்வளவு சக்தி செலவழிக்கும் என்பதைக் கணிக்க மிஃப்லின் - செயின்ட் ஜியோர் என்று ஒரு சூத்திரம் உண்டு, 1990-இல் வந்தது. டயட் ஆப்கள் பலவற்றின் உள்ளே ஓடுவது அதுதான். அதன்படி ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 கலோரி. நான் இழந்த 33 கிலோவுக்கு 330 கலோரி. அதை வாட்டுக்கு மாற்றினால் ஏறக்குறைய 16. அதாவது இரவும் பகலும் எனக்குள் எரிந்துகொண்டிருந்த 16 வாட் விளக்கு ஒன்று அணைந்திருக்கிறது. உடம்பு சிறுத்ததால் வெப்பம் வெளியேறும் தோல் பரப்பும் குறைந்திருக்கிறதே என்றால், உண்மைதான். ஆனால் எடை குறைந்த அளவுக்குத் தோல் குறையவில்லை. போதாததற்குத் தோலுக்கு அடியிலிருந்த கொழுப்பு போய்விட்டது. கொழுப்பு தசையைவிடக் குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். என்னிடம் இருந்தது கழற்ற முடியாத ஒரு கம்பளி. அதைத்தான் கழற்றியிருக்கிறேன்.

இதற்கு மேலும் ஒன்று நடக்கிறது. எடை வேகமாகக் குறையும்போது உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் குறைகிறது, தைராய்டு ஹார்மோனின் வீரியமான வடிவம் குறைகிறது, அடுப்பைத் தணித்து வைக்கிறது. அமெரிக்காவின் 'பிக்கஸ்ட் லூசர்' நிகழ்ச்சியில் எடை குறைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்த கெவின் ஹால் குழு 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அவர்கள் உடம்பு, அவர்களுடைய அளவுக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்துக்கொண்டிருந்தது. பலருக்கு எடை திரும்பி வந்துவிட்டது. தணித்த அடுப்பு மட்டும் தணிந்தபடியே.

விளக்கம் கிடைத்துவிட்டது. ஆனால் விளக்கத்துக்கும் ஒப்புதலுக்கும் நடுவே உள்ள தூரம்தான் எனக்குப் புதிர். இதையெல்லாம் வீட்டில், நண்பர்களிடம் சொல்லிப் பார்த்தேன். மூன்று பதில்கள் வந்தன. "இந்த வெயில்லயா?" "அதெல்லாம் மனசுதான்." மூன்றாவதுதான் சுவாரஸ்யமானது: "நீயாத்தானேடா குறைச்ச?"

முதல் பதிலுக்கு 17-ஆம் நூற்றாண்டிலேயே ஜான் லாக் விடை எழுதிவிட்டார். ஒரு கையைச் சூட்டிலும் இன்னொரு கையைக் குளிரிலும் வைத்திருந்துவிட்டு இரண்டையும் ஒரே தண்ணீரில் விட்டால், ஒரு கைக்கு அது குளிரும், மறு கைக்குச் சுடும். அம்மா மண்டபத்துப் படித்துறையில் மார்கழியில் குளித்தவர்களுக்கு லாக் தேவையில்லை. இறங்கும் வரை நடுக்கம், இறங்கினால் ஆறு வெதுவெதுப்பு, ஏறினால் மறுபடி நடுக்கம். தோல் தெர்மாமீட்டர் அல்ல. எவ்வளவு சூடு இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு வேகமாகச் சூடு தன்னைவிட்டுப் போகிறது என்பதையே அது சொல்கிறது. குளிர் என்பது அறையின் குணம் அல்ல, எனக்கும் அறைக்கும் நடுவே நடக்கும் கொடுக்கல் வாங்கல். அறைக்குள் இருக்கும் இன்னொருவருக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

இரண்டாவது பதில், மனசு. இருக்கட்டுமே. வலியும் மனசில்தான் தெரிகிறது.

மூன்றாவது பதிலில்தான் அறம் நுழைகிறது. நீயாக விரும்பிச் செய்ததன் விளைவைப் பற்றிப் புகார் சொல்ல உனக்கு உரிமை இல்லை என்கிறது அது. அதற்குள் இன்னொன்றும் மறைந்திருக்கிறது: உனக்கு நடந்திருப்பது நல்லது, நல்லது நடந்தவன் முனகக்கூடாது. எடை குறைந்தவனை ஊரே பாராட்டுகிறது. கல்யாண மண்டபத்தில் பந்தியை நிறுத்தி விசாரிக்கிறார்கள். பாராட்டு வாங்கியவன் அடுத்த வாக்கியத்தில் "ஆனா ரொம்பக் குளிருது மாமா" என்றால் அது நன்றிகெட்டதனமாகத் தொனிக்கிறது. என் பாட்டி மே மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். யாரும் எதுவும் கேட்டதில்லை. வயசாச்சு என்ற ஒரு சொல் போதும். காய்ச்சல்காரருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும்கூட அனுமதி உண்டு. நாம் ஒருவரின் உணர்வை நம்புவதில்லை, அதோடு கூட வரும் காரணத்தைத்தான் நம்புகிறோம் என்று தோன்றுகிறது. காரணம் நமக்குப் பிடிக்காவிட்டால் உணர்வும் இல்லை என்றாகிவிடுகிறது.

விரும்பிப் பசித்தவர்களின் குளிரை முழுசாக நம்பிய ஓர் இடம் இருந்தது. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். ஐரோப்பாவில் போரால் பட்டினி கிடந்தவர்களை எப்படி மீட்டெடுப்பது என்று தெரிய வேண்டியிருந்தது. அதற்காக 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். மனசாட்சியின் பேரில் ஆயுதம் எடுக்க மறுத்தவர்கள் அவர்கள். 24 வாரம் அரைப்பட்டினி. எடையில் கால் பங்கு போனது, உடம்பின் அடிப்படைச் செலவு ஏறக்குறைய 40 சதவீதம் இறங்கியது. 1945-இன் கோடையில், ஜூலையில், அவர்கள் கூடுதல் உடுப்போடு திரிந்தார்கள், இரவில் கூடுதல் போர்வை கேட்டார்கள். சாப்பாடு இன்னும் சூடாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மற்றவர்கள் தொடத் தயங்கும் சூடான தட்டை அவர்களால் சாதாரணமாகப் பிடிக்க முடிந்தது. (டம்ளர் விஷயம் புரிந்தது.) இதெல்லாம் 1950-இல் இரண்டு பெரிய தொகுதிகளாக அச்சேறியது. நீங்களாகத்தானே வந்தீர்கள் என்று கீஸ் அவர்கள் வாயை அடைத்திருந்தால் அந்த நூலே இருந்திருக்காது. என்னுடையது அந்த அளவுப் பட்டினி இல்லை, ஆனால் குளிரின் சாயல் அதேதான்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் விட்டவன். உண்ணாமல் அவன் உடல் வற்றிக்கொண்டிருப்பதை, ஆற்றின் நடுத்திட்டில் புள்ளிபுள்ளியாக விழும் மரநிழலில் வைத்துக் காட்டும் பாடல் ஒன்று புறநானூற்றில் இருக்கிறது, 219-ஆவது. அதுவும் அவனாகத் தேர்ந்துகொண்டதுதான். அதுவரை அவனை நேரில் பார்த்திராத பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். என் டயட்டை அந்தச் சாவோடு ஒப்பிடவில்லை, அந்த அளவுக்கு வெட்கம் உண்டு. தானே வரவழைத்துக்கொண்ட துன்பத்துக்கும் பக்கத்தில் ஆள் வந்து உட்காரலாம் என்பது இந்த ஊருக்குத் தெரிந்த விஷயம் என்று மட்டும் சொல்கிறேன்.

இன்னும் ஒன்றும் இந்த ஊருக்குத் தெரியும். கார்த்திகை மாதக் கைசிக ஏகாதசி இரவில் பெரிய கோயிலில் நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் சாற்றுகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அதே நாளில் 108 போர்வை. கோடை வந்தால் இங்கே பூச்சாற்று உற்சவம். பெருமாளுக்கு வியர்க்குமா, குளிருமா என்று யாரும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பதில்லை. உலகத்தைக் காப்பவனுக்கே கண்பட்டுவிடுமோ என்று பயந்து பல்லாண்டு பாடிய பெரியாழ்வார் வழி அது. வைணவர்கள் அதைப் பரிவு என்பார்கள். தேவை இருக்கிறதா என்று நிரூபணம் கேட்காத அக்கறை. பக்தி எனக்குக் கொஞ்சம் தூரம்தான்; ஆனாலும் அறக்கோட்பாடாகப் பார்த்தால் இது மிகத் துணிச்சலானது.

ஆனால் எனக்கு இதில் ஒரு சந்தேகமும் உண்டு. அதற்குப் பேகனைப் பார்க்க வேண்டும். மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் என்று நாம் பள்ளியில் படித்த அதே பேகன். மயிலுக்குத் தோகையே போர்வை. அது கேட்கவும் இல்லை, போர்த்திக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. பரணர் அவனுடைய இந்தக் குணத்துக்குக் கொடைமடம் என்று பெயர் வைத்தார். கொடையில் அறியாமை, ஆனால் பாராட்டுக்குரிய அறியாமை. பாடப்புத்தகம் அங்கேயே நின்றுவிடும். புறநானூற்றில் அடுத்து வரும் பாடல்கள் வேறு கதை. பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியோடு இருக்கிறான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் மாறிமாறி வந்து, எங்களுக்குப் பரிசில் வேண்டாம், அழுதுகொண்டிருக்கும் அவளிடம் திரும்பிப் போ என்று கேட்கிறார்கள். பேசாத மயிலின் குளிர் தெரிந்தவனுக்குப் பேசுகிறவளின் துயரம் எட்டவில்லை.

பேகன் மட்டுமில்லை, நம் எல்லோருக்கும் அது அப்படித்தான் என்று நினைக்கிறேன். சிலைக்கும் மயிலுக்கும் பரிவு காட்டுவது எளிது. ஒரு போர்வையோடு செலவு முடிந்தது. பேசுகிற மனிதன் குளிருது என்றால், அதன் வால்பகுதியில் சொல்லாத இன்னொரு வாக்கியம் இருக்கிறது: ஃபேனை நிறுத்து. என் குளிரை நம்பினால் உங்கள் காற்று போகும். அந்தப் பயத்தில்தான் நம்ப மறுக்கிறோம். "மனசுதான்" என்று சொல்பவர் என் நரம்பு மண்டலத்தைப் பற்றிக் கருத்து சொல்லவில்லை, ரெகுலேட்டரைப் பாதுகாக்கிறார்.

அலுவலகத்தில் இது இன்னும் அப்பட்டம். எங்கள் தளத்தில் ஏசி 22-இல் நிற்கிறது. பெண்கள் நாற்காலிகளில் நிரந்தரமாக ஒரு சால்வை தொங்கும், இப்போது என் நாற்காலியிலும். டிக்கெட் போட்டேன். வெப்பநிலை வரையறைக்குள் இருப்பதாகப் பதில் வந்து டிக்கெட் மூடப்பட்டது. அந்த வரையறை எங்கிருந்து வருகிறது? அறையின் சுகத்தைச் சூத்திரமாக்கியதில் டென்மார்க்கின் ஃபாங்கர் முக்கியமானவர். அவருடைய நூல் 1970-இல் வந்தது. அப்படிப்பட்ட கணக்குகளில் ஒரு மனித உடம்பு எவ்வளவு வெப்பம் உண்டாக்கும் என்று ஓர் எண் வேண்டும். அந்த எண் நாற்பது வயது, எழுபது கிலோ ஆண் ஒருவரை வைத்து எடுத்தது, பெண்களுக்கு அது பொருந்தவில்லை என்று 2015-இல் கிங்மாவும் லிக்டன்பெல்ட்டும் எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால் இப்போது என் எடை கிட்டத்தட்ட அந்த ஆளுடையதுதான். அப்படியும் எனக்கு அந்த எண் பொருந்தவில்லை. இந்தியாவில் 2020 ஜனவரி 1 முதல் வீட்டு ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட்டு வரவேண்டும் என்று விதி வந்தது, மின்சாரத்தை மிச்சப்படுத்த. குளிர்கிறது என்று ஆயிரம் பேர் சொல்லி நகராத எண், கரண்ட் பில் சொன்னதும் நகர்கிறது.

2025-இல் மௌஞ்சாரோவும் வீகோவியும் இந்திய மருந்துக் கடைகளுக்கு வந்துவிட்டன. இனி நிறையப் பேர் நிறைய எடையை வேகமாக இழக்கப்போகிறார்கள். குளிர்கிற ஆட்கள் கூடுவார்கள், ஏசியும் கூடும். இந்தச் சண்டையும்.

நம்புவதும் விட்டுக்கொடுப்பதும் ஒன்றல்ல என்று பிரித்துக்கொண்டால் பாதிச் சண்டை தேவையில்லை. இதை எனக்குப் புரியவைத்தது தத்துவம் அல்ல, மே மாத இரவொன்றில் என் மனைவி கேட்ட கேள்வி. "உங்களுக்குக் குளிருதுன்னு எனக்குத் தெரியுது. ஆனா நீங்க போர்த்திக்கலாம், நான் எதைக் கழட்டறது?"

இதற்கு மறுப்பே கிடையாது. குளிர்கிறவன் மேலே சேர்த்துக்கொண்டே போகலாம், வியர்க்கிறவருக்குத் தோலோடு கணக்கு முடிந்துவிடுகிறது. ஆகவே ஃபேன் அவளுடையது, போர்வை என்னுடையது. முதல் வாக்கியத்தை அவள் சொல்லாமல் இரண்டாவதை மட்டும் சொல்லியிருந்தால் நானும் விடிய விடிய வாதாடியிருப்பேன்.

சென்னிமலைப் போர்வை இரண்டு வாங்கி, சுவரோரமாகப் படுக்கிறேன். ஃபேன் நான்கில் ஓடுகிறது. விடியற்காலை மூன்று மணி வாக்கில் அவள் எழுந்து அதை இரண்டில் வைப்பதைச் சில நாள் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால், நான்கில் சத்தம் போடுது என்கிறாள்.