வலியின் சாட்சியம்

தோளைச் சூழ்ந்த 4 தசைநாண்களில் மேலிருப்பதுதான் பெரும்பாலும் கிழிவது. எனக்கும் அதுவே. எலும்போடு சேர்த்துத் தைத்து, ஆறு வாரத்திற்குக் கையை ஸ்லிங்கில் இட்டிருக்கிறார்கள். மூன்றாம் வாரமே வலி அடங்கிவிட்டது. எட்டி டீத் தம்ளரை எடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் தசைநாண் எலும்பில் வேர்பிடிக்கச் சுமார் 12 வாரங்களாவது வேண்டும். அதுவரை பிடித்து நிற்பது நூல். இதை என் நரம்பு எதுவும் எனக்குச் சொல்வதில்லை.

அனுபவமே இறுதிப் பிரமாணம் என்று எழுதிவந்தவர்கள் நாம். இங்கே என் அனுபவம் நேர்மையாகவே பொய் சொல்கிறது. வலியில்லை என்பது உண்மை. ஆறிவிட்டது என்பது பொய்.

அப்படியானால் கட்டளைக்குப் பணிந்து கிடப்பதுதான் வழியா? அளவு மீறிக் கட்டிக்கிடக்கும் தோள் இறுகிப்போகும். ஆகவே கட்டுக் காலத்திலேயே பிசியோதெரபிஸ்ட் என் கையை மெல்ல உயர்த்துகிறார். நானும் சேர்ந்து உயர்த்தினால் இழுவை தையலில் விழும். என் கையைப் பிறர் கையில் விட்டுச் சும்மா இருக்க வேண்டும். சுயம் பற்றி இவ்வளவு பேசியவனுக்கு இது எளிதல்ல.

தன் உணர்வைச் சந்தேகிக்கவும், அந்தச் சந்தேகத்துக்கும் ஒரு கெடு வைக்கவும் தெரிந்தவனையே இன்று நான் நேர்மையானவன் என்பேன்.