நட்டாச்சு, அப்புறம்?



போன பள்ளி விடுமுறையில் எங்கள் கிளையின் சிறுவர் முகாமில் ஓலைப் பின்னல் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. தென்னங்கீற்றை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். பத்து வயசுப் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணா, காலையில இலையைப் பறிக்கக்கூடாது, மரத்துக்கும் உயிர் இருக்குன்னு சொன்னீங்க. இப்ப நீங்களே வெட்டுறீங்க?"

பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி. "போன வருஷம் நான் நட்ட மரம் எங்கண்ணா?"

முதல் கேள்விக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். இரண்டாவது கேள்விக்குத் தலை குனிந்துவிட்டேன். போன வருஷம் அதே இடத்தில் முப்பது கன்றுகள் நட்டோம். பதாகை பிடித்தோம், படம் எடுத்தோம், கைதட்டினோம். பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. இந்த முறை போய்ப் பார்த்தால் நான்குதான் உயிரோடு இருந்தன. காய்ந்த ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரைச் சுற்றிக் கறுப்பு பிளாஸ்டிக் பை அப்படியே இருந்தது. பையைக் கிழிக்காமலேயே நட்டிருக்கிறோம்! பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நாங்களே கவனிக்கவில்லை.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, "நடுறது நம்ம கடமை, வளர்றது அவன் செயல். பலனை எதிர்பார்க்கக்கூடாதுன்னுதானே கீதையே சொல்லுது?" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மனசு ஒப்பவில்லை. பலனில் பற்று வைக்காதே என்று சொன்ன கீதை, வேலையைப் பாதியில் விடச் சொல்லவில்லையே? நாங்கள் பற்று வைத்தது மரத்தின் மேல் இல்லை, படத்தின் மேல். அந்தப் பலன் அன்றைக்கே கிடைத்துவிட்டது, அதனால்தான் திரும்பிப் போகவில்லை. பேர் கிடைக்காவிட்டாலும் வாரம் இரண்டு முறை வாளி தூக்கிக்கொண்டு போயிருந்தால், அதுதான் பலன் கருதாத கடமை. பொறியியல் வகுப்பில், பராமரிப்புத் திட்டம் இல்லாமல் ஓர் இயந்திரத்தை ஒப்படைக்கக்கூடாது என்று படிக்கிறேன். ஓர் உயிருக்கு அந்த மரியாதையைக்கூட நான் கொடுக்கவில்லை.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். மரத்தைத் தொடாமல் இருப்பதுதான் அன்பா?

என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர். கத்தி மரத்தில் படும், பால் வடியும், அதுதான் சோறு. ஆனால் பாட்டி சொல்வார்: "பட்டையை மட்டும்தான் சீவணும்யா. ஆழமாப் போனா மரத்துக்குக் காயம், அப்புறம் பட்டை ஒழுங்கா வளராது." ஒருநாள் சீவினால் மறுநாள் மரத்துக்கு ஓய்வு. பாட்டிக்கு ஒவ்வொரு மரத்தின் குணமும் தெரியும். மரத்தைத் தொடாத நமக்கோ, வீட்டு வாசலில் நிற்பது என்ன மரம் என்றுகூடத் தெரியவில்லை. தொடுவது தப்பில்லை, அளவு தெரியாமல் எடுப்பதுதான் தப்பு.

தென்னையும் அப்படித்தான். முற்றிய கீற்றை எடுத்தால் மரம் தாங்கும். ஆனால் அதற்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். குருத்துக்கு அடியில் உள்ள அது அழிந்தால் மரமே போய்விடும். இதை அந்தப் பையனுக்கு மரத்தடியில் நிறுத்திக் காட்டினேன். பிறகு எல்லாரும் தோரணம் பின்னினோம், காத்தாடி செய்தோம். கம்போங்கில் வளர்ந்த ஒரு பிள்ளை கெத்துப்பாட் கூடு பின்னிக் காட்டி எங்களை அசத்திவிட்டாள். அன்று மாலை அந்தப் பிள்ளைகள் தென்னையை அண்ணாந்து பார்த்த பார்வையே வேறு. கையால் செய்து பார்த்தவனுக்குத்தான் அது எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது.

நம்பிக்கை வேண்டுமென்றால் கெப்போங்கில் உள்ள ஃபிரிம் வன ஆராய்ச்சிக் கழகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். ஈயம் தோண்டிப் பாழாய்ப்போன நிலத்தில் 1920-களில் தொடங்கி மனிதர்கள் நட்டு வளர்த்த காடு அது. 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அங்கே காப்பூர் மரங்களின் கீழே நின்று மேலே பாருங்கள். ஒரு மரத்தின் கிளை இன்னொன்றைத் தொடாமல் இடைவெளி விட்டு நிற்கும். காப்பூர் என்ற மலாய்ச் சொல்லும் நம் கற்பூரமும் உறவுச் சொற்கள். ஒரு காலத்தில் இந்த மரத்திலிருந்தும் கற்பூரம் எடுத்தார்கள். தீபாராதனைக்குக் கண்ணை மூடுகிற நாம், இந்த மரத்தை ஒருமுறை கண் திறந்து பார்க்க வேண்டாமா?

முதல் கன்றை நட்டவர்கள் இந்தக் காட்டின் நிழலில் உட்காரவில்லை. ஆனால் அவர்களுக்குப் பின் வந்தவர்கள் விட்டுவிட்டுப் போகவில்லை. காடு நின்றது அதனால்தான்.

இந்த முறை முப்பது நடவில்லை. ஆறுதான் நட்டோம். பையைக் கிழித்தது பிள்ளைகளே. ஒவ்வொரு கன்றுக்கும் இரண்டு பிள்ளைகள், ஓர் அண்ணன் அல்லது அக்கா, ஒரு வருஷத்துக்குத் தண்ணீர் முறை எழுதி ஒட்டியிருக்கிறோம். சனிக்கிழமை என் முறை. அந்தப் பையன் காய்ந்துபோன தன் கன்று இருந்த அதே குழியில்தான் புதுசை நட்டான்.

உங்கள் கிளையும் போன வருஷம் மரம் நட்டிருக்கும். இந்த வாரம் ஒருமுறை போய்ப் பாருங்களேன்.