தேரில் உட்கார்ந்திருப்பவர் யார்?

சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் திருப்பதியில் படித்த பையன் என்பது எங்கள் சித்தூர்க்காரர்களிலேயே பாதிப்பேருக்குத் தெரியாது. 1888-ல் திருத்தணியில் பிறந்தவர். அந்தத் திருத்தணியும் 1911 முதல் 1960 வரை சித்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. சிறுவயதில் அவரைத் திருப்பதியில் ஜெர்மன் லூதரன் மிஷன் நடத்திய பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். தலைக்கு மேலே ஏழுமலை, வகுப்புக்குள்ளே பைபிள். மிஷன் பள்ளிகளில் இந்து மதத்தை மட்டமாகப் பேசியதுதான் தன்னை அதைத் துருவிப் படிக்க வைத்தது என்று பிற்பாடு அவரே எழுதினார். கல்லூரியில் தத்துவம் எடுத்ததற்குக் காரணம் இன்னும் எளிது: படித்து முடித்த சொந்தக்காரர் ஒருவர் பழைய பாடப் புத்தகங்களைச் சும்மா கொடுத்தாராம்.

ஆக்ஸ்போர்டு பேராசிரியராக இருந்தபோது, 1939-ல், கீழை மதங்களையும் மேலைச் சிந்தனையையும் பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகம் வந்தது. நான் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதிப் பிழைப்பவன். முகூர்த்தம் இல்லாத நாளில் கிரயத்துக்கு ஆள் வராது, அப்போது படிப்பேன். மறுபிறவி, உடம்பென்னும் சிறை, உயிரைத் தூய்மை செய்வது என்று பிதாகரஸையும் பிளேட்டோவையும் உபநிஷத்துக்குப் பங்காளிகளாகவே ஆக்கிவிடுகிறார் மனிதர். எனக்கு ஒரு இடத்தில் மட்டும் ஒட்டவில்லை. தேர்.

கட உபநிஷத்தில் உடம்பு தேர், புலன்கள் குதிரைகள், மனசு கடிவாளம், புத்தி சாரதி. ஆத்மா இவை எதுவும் இல்லை; தேரில் ஏறிப் போகிற எஜமானர். பிளேட்டோவின் ‘பைட்ரஸ்’ நூலில் இலிசஸ் ஆற்றங்கரை மரநிழலில் சாக்ரடீஸ் ஒரு தேரைச் சொல்கிறார். இறக்கை முளைத்த இரண்டு குதிரைகள். ஒன்று சொன்ன பேச்சு கேட்கும். மற்றது சாட்டைக்கும் மடங்காத முரடு. இறக்கை உதிர்ந்து பூமியில் விழுந்த உயிருக்கு அது மறுபடி முளைக்கப் பத்தாயிரம் ஆண்டாகும். ஞானத்தை நாடி வாழ்ந்தவனுக்கு மூவாயிரம். கேட்டால் நம் புராணம் மாதிரியே இருக்கிறது. ஆனால் அந்தத் தேரில் ஏறிப் போகிறவர் என்று யாரும் இல்லை. ஓட்டுகிறவனும் இரண்டு குதிரைகளும் சேர்ந்ததுதான் ஆத்மா. முரட்டுக் குதிரையும் நான்தான்.

இது ஏட்டு வித்தியாசம் இல்லை; என் மேஜைக்கே வந்திருக்கிறது. தன் பாகத்தை விற்ற ஒருவர், பணம் கரைந்தபிறகு வந்து நின்றார். “அன்னிக்கு எம் புத்தி எங்கிட்ட இல்லண்ணா. கையெழுத்து போட்டதே நான் இல்ல.” பத்திரத்திலோ ‘சுயபுத்தியோடும், பிறர் தூண்டுதலின்றியும், மனப்பூர்வமாகவும்’ என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். பக்கத்திலேயே அவர் போட்டோ, அதன் கீழே ரேகை. பிளேட்டோவிடம் அவர் கதை எடுபடாது. விற்றது உன் குதிரை, குதிரையும் நீ, போய்யா என்பார். கட உபநிஷத்தை அரைகுறையாகக் கேட்டவனுக்குத்தான் சந்து கிடைக்கும்: நான் சும்மா உட்கார்ந்திருந்தேன், சாரதி திருப்பிவிட்டான். சாங்கியத் தத்துவக்காரர்கள் அதற்கு இன்னும் வசதி செய்து தருகிறார்கள்; புருஷன் என்கிற ஆத்மா வெறும் சாட்சி, செய்வதெல்லாம் பிரகிருதி என்கிற இயற்கை.

இந்தக் கணக்கில் இன்னும் தெய்வம் வரவில்லை. ஒரு இந்தியர் ஏதென்ஸில் சாக்ரடீஸைப் பார்த்து, என்ன ஆராய்கிறீர்கள் என்று கேட்டாராம். மனித வாழ்க்கையை என்றார் சாக்ரடீஸ். தெய்வத்தை அறியாமல் மனிதனை எப்படி அறிவீர்கள் என்று வந்தவர் சிரித்தாராம். அரிஸ்டாட்டிலின் மாணவர் அரிஸ்டாக்ஸெனஸ் சொன்னதாக யூசிபியஸ் எழுதிவைத்த கதை. நடந்ததோ இல்லையோ, அது சுத்தமான திருப்பதிச் சிரிப்பு. திருப்பதியில் ராமானுஜர் திருமலை நம்பியிடம் ராமாயணப் பாடம் கேட்டார் என்பது வைணவ மரபு. கோவிந்தராஜர் கோயிலையும் அவர் பெயரோடுதான் சேர்த்துச் சொல்வார்கள். அவர் அந்தச் சந்தை அடைக்கிறார். ஜீவன்தான் கர்த்தா. இல்லாவிட்டால் ‘செய்’, ‘செய்யாதே’ என்கிற சாஸ்திரம் யாரைப் பார்த்துப் பேசுகிறது? ஆனால் உடம்புக்கு உயிர் எப்படியோ, அப்படி உயிருக்கு உயிராக உள்ளே பெருமாள். அவன் அனுமதி இல்லாமல் எதுவும் அசையாது.

அப்படியானால் பழி அனுமதி கொடுத்தவனுக்குத்தானே? இதற்கு ஸ்ரீபாஷ்யத்தில் அவர் சொல்லும் உதாரணம் அசல் எங்கள் ஆபீஸ் சமாச்சாரம். இரண்டு பேருக்குப் பொதுவான சொத்து. ஒருவன் அதை மூன்றாம் மனிதனுக்குக் கொடுக்கப் பார்க்கிறான். பங்காளி சம்மதிக்காமல் முடியாது. ஆனால் கேட்டு அந்தச் சம்மதத்தை வாங்கியவன் அவன்தான். ஆகவே பலனும் அவனுக்கே.

விற்றுவிட்டு வந்தவருக்கு இதைப் பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அப்ப சம்மதம் குடுத்தவரயே மேல போய் ஒரு வார்த்த கேட்டுட்டு வரேண்ணா” என்று திருப்பதி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.