கேவலமும் டிரைவரும்

2009இல் வெளிவந்த விண்டோஸ் 7 இயங்குதளத்தைப் பிற்காலக் கேமிங் மடிக்கணினியில் நிறுவ முற்படுகையில், யூஎஸ்பி 3.0 இணைப்புகளுக்குரிய டிரைவர், அதாவது வன்பொருளை இயங்குதளம் கையாள உதவும் இடைநிலை மென்பொருள், அதில் இயல்பாக இல்லாமையால், முதல் திரையிலேயே மவுஸின் சுட்டி அசையாது நின்றுவிடுகிறது. இரண்டு பக்கத்திலும் பழுதில்லை. ஆயினும் ஒன்றை ஒன்று அறியவில்லை.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் நிலைநாட்டிய சைவ சித்தாந்தம், இதையொத்த உயிர்நிலை ஒன்றைக் கேவலம் என்கிறது. உயிர் அறிவுடைய பொருளேயாயினும், உலகின் மூலப்பொருளாகிய மாயையிலிருந்து வரும் உடல், பொறி, மனம் முதலிய கருவிகளோடு கூடாதவரை ஆணவம் என்னும் அழுக்காகிய மலத்தால் மறைப்புண்டு எதையும் அறியாது கிடக்கும் என்பதும், அவை கூடிய சகல நிலையில்தான் அதன் அறிவு சிறிதளவேனும் விளங்கும் என்பதும் அதன் துணிபு. ஒப்புமை ஓரிடத்தில் நொண்டுகிறது: டிரைவர் சேர்ந்ததும் கணினியின் குறை தீர்ந்துவிடும், உயிருக்கோ கருவிகள் இருளில் ஏற்றிய விளக்களவே உதவுமன்றி மலத்தை நீக்கமாட்டா.

எனினும் கருவியைக் கூட்டுவது யார் என்ற வினாவில் ஒப்புமை வலுப்பெறுகிறது. யூஎஸ்பியே உறங்கும் நிலையில், வேண்டிய டிரைவரை அதன் வழியே தானே தேடிக்கொள்ள இயங்குதளத்தால் இயலாதாகையால், நிறுவல் கோப்பினுள் அதனை முன்கூட்டியே வெளியிலிருந்து ஒருவர் சேர்த்துவைக்க வேண்டியுள்ளது. மாயை அறிவற்ற சடமாதலானும், உயிர் தானே அறியமாட்டாமையானும், உடல் முதலிய கருவிகளைக் கூட்டுவிக்க இறைவன் வேண்டும் என்று சித்தாந்தம் வாதிடுவதும் இம்முறையிலேயே.