53 யாருப்பா?

நண்பருக்குப் பாரிமுனைப் பக்கம் மருந்து மொத்த வியாபாரம். ஒரு மாலை அவர் கடை மாடியில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து சத்தம். இருமல் சிரப்பிலிருந்து இன்சுலின் வரை எல்லாமே 42 ரூபாய் என்கிறது கம்ப்யூட்டர்! நண்பரின் மச்சான் ஏதோ ஒரு மாத்திரையின் விலையைத் திருத்தியிருக்கிறார். ‘இந்த மாத்திரைக்கு மட்டும்’ என்று சொல்ல மறந்துவிட்டார். கம்ப்யூட்டர் பாரபட்சம் பார்க்காமல் அத்தனையையும் திருத்திவிட்டது.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பையன் அலட்டிக்கொள்ளவில்லை. ‘‘நேத்து ராத்திரி எடுத்த பேக்கப் இருக்கு சார். ரீஸ்டோர் பண்ணிட்டா முடிஞ்சது’’ என்றான். முடியவில்லை. டேட்டாபேஸ் உபயோகத்தில் இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டது. உள்ளே ஒரே ஒருத்தர் இருந்தாலும் அதன்மேல் பழைய பிரதியை எழுத விடாதாம். ஆள் உட்கார்ந்திருக்கும்போது நாற்காலியை மாற்ற முடியுமா?

யார் யார் உள்ளே என்று பார்த்தான். 51, 53, 54, 58 என்று வரிசையாக எண்கள் வந்தன. அதில் 51 அவனேதான்! இன்னொரு ஜன்னலில் அதே டேட்டாபேஸைத் திறந்து வைத்திருந்தான். அசடு வழிந்தபடி மூடினான். மற்றவர்கள்? ‘‘ஒரே வரி சார். எல்லாரையும் தூக்கிடலாம்.’’

எஸ்.க்யூ.எல். சர்வரில் அப்படி ஒரு வரி உண்டு. ‘ரோல்பேக் இம்மீடியட்’ என்று முடியும். தட்டினால் அந்த நொடியே எல்லோர் இணைப்பும் துண்டிக்கப்படும். பாதியில் நிற்கிற வேலை, தொடங்கவே இல்லை என்றாகிவிடும். அதே வரியை ‘ரோல்பேக் ஆஃப்டர் 60 செகண்ட்ஸ்’ என்றும் முடிக்கலாம். உள்ளே இருப்பவர்களுக்கு அறுபது விநாடி அவகாசம். பையன் முதலாவதைத்தான் அடித்து வைத்திருந்தான்.

நீங்களாக இருந்தால் எதை அடிப்பீர்கள்?

அவசரத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு நிமிடமும் தப்பான பில் வெளியே போகிறது. தவிரவும், அவகாசம் கொடுத்தால் திருடன் உஷாராகிவிடுவான் என்பார்கள். 2016 நவம்பர் 8 இரவு 8 மணிக்கு அறிவித்து, நள்ளிரவிலிருந்து 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்களே... அப்போது சொல்லப்பட்ட காரணமும் இதுதான். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவிகிதம் அந்த நோட்டுகள். அவற்றில் 99 சதவிகிதத்துக்கும் மேல் திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கியே 2018-ல் கணக்குச் சொன்னது. அவகாசம் இல்லாமல் தவித்தது யார் என்பது வரிசையில் நின்ற உங்களுக்குத் தெரியும்.

‘‘53 யாருப்பா?’’ என்றேன்.

மெஷின் பெயரைப் பார்த்தான். பில்லிங் இரண்டு. கீழே ஓர் அம்மா, ஆஸ்பத்திரி ஆர்டர் ஒன்றைப் பாதி அடித்திருந்தார். படியில் நின்று குரல் கொடுத்தான்: ‘‘அக்கா, அந்த பில்லை முடிச்சிட்டு வெளிய வந்துடுங்க!’’

‘‘முடிச்சு என்னத்துக்குப்பா? நேத்து ராத்திரிக்குப் போனா, காலைலேர்ந்து நான் போட்ட பில்லெல்லாம் போயிடாதா?’’

பையன் திரும்பி என்னைப் பார்த்தான். அவன் அதை யோசித்திருக்கவே இல்லை.

பி.காம். படித்தபோது எங்கள் அக்கவுன்டன்சி வாத்தியார் ரப்பரைக் கண்டாலே பிடுங்கி எறிவார். பேரேட்டில் தப்பு விழுந்தால் அழிக்கக் கூடாது, திருத்தப் பதிவு எழுத வேண்டும். தப்பும் தெரியணும், திருத்தினதும் தெரியணும். பக்கத்தையே கிழித்தால் அதில் சரியாக எழுதியவன் உழைப்பும் சேர்ந்து போய்விடும் என்பார். அன்றைக்கு எங்களுக்கு அது வெறும் தொல்லை.

பையன் கெட்டிக்காரன். பழைய பேக்கப்பை வேறு பெயரில், பக்கத்தில் தனியாக ரீஸ்டோர் செய்தான். அதற்கு யாரும் எழுந்து போக வேண்டியதில்லை. அதிலிருந்து விலைகளை மட்டும் எடுத்து இங்கே போட்டான். அன்று காலை ஏறியிருந்த மூன்று விலைகளைக் கையால் சரிசெய்தான். அதுவரை பில் போடுவதை நிறுத்தி வைத்தார்கள். இருபது நிமிடம் கூடுதலாக ஆனது, அவ்வளவுதான்.

ஆனால், 42 ரூபாய்க்கு ஏற்கெனவே போய்விட்ட பில்கள் 11. ஒவ்வொரு கடைக்கும் போன் போட்டு, மன்னிப்புக் கேட்டு, புது பில் போட்டது அந்த அம்மாதான். நான் கிளம்பும்போது மணி ஒன்பது. எட்டாவது கடைக்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். மச்சான் ஏதோ வரவேற்புக்குப் போகணும் என்று ஏழு மணிக்கே கிளம்பிவிட்டார்.